குருவி கை தூக்கிய சக்கரம்

அந்த ஊரில் மெதுவாகப் பேசத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. பொண்டாட்டி புருஷன் காதில் ரகசியம் சொன்னால் தெருமுனையில் நிற்பவன் "அப்படியா!" என்பான். ரயில்வே குடியிருப்புக்கும் யார்டுக்கும் நடுவில் ஒரு முள்கம்பி வேலிதான். பகல் முழுக்க வேகன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருக்கும். அலமாரியில் தம்ளர்கள் நடுங்கும். கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை சாயந்தரத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். இத்தனை இரைச்சலுக்கு நடுவில் ஒரு மனுஷனுக்குக் காது போனால் யாருக்குத் தெரியப்போகிறது? குருவியின் அப்பாவுக்குக் காது போனது வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியவில்லை.

குருவி என்பது பட்டப்பெயர். யார்டுக்கு மேலே குறுக்காகப் போகும் நடைபாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எந்நேரமும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அப்பா வைத்தது. இப்போது தலை நரைத்து, தையல் மிஷினே கதியென்று கிடக்கிறாள். பழைய ஆட்களுக்கு இன்னமும் அவள் குருவிதான்.

அப்பாவுக்குச் சக்கரம் தட்டுகிற வேலை. கூட்ஸ் வண்டி வந்து நின்றதும் நீளக் காம்பு போட்ட சுத்தியலால் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல சக்கரம் மணி மாதிரி கிண்ணென்று பாடும். விரிசல் விட்டது தொத்தென்று அமுங்கும். அமுங்கினால், குனிந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்து, சாக்கட்டியால் குறியிட்டு, வேகனைக் கழற்றச் சொல்ல வேண்டும். கோட்டை விட்டால் ஊர் எல்லையில் ஆற்றுப் பாலத்தின் மேல் வண்டி போகிறபோது சக்கரம் உடையும். அதற்கப்புறம் பேச ஒன்றுமில்லை. ஆக மொத்த வேலையும் காதில்தான் இருந்தது. போனது அந்தக் காது.

அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் வேண்டுமென்றே ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டாள். பூனை ஓடியது. அவர் திரும்பவில்லை.

அம்மா முன்னால் வந்து நின்று கேட்டாள். "எப்பலேருந்து இப்படி?"

அவளுடைய உதடு அவருக்குப் பழக்கம். பார்த்தே புரிந்துகொண்டார். "கொஞ்ச நாளாச்சு. கைய சக்கரத்து மேல வெச்சுத் தட்டினா அதிர்றது தெரியுது. ஆனா வெறும் கைய நம்பி ஒரு வண்டிய அனுப்ப முடியுமா, சொல்லு."

"ஆபீசுல சொல்லிடலாமே."

"சொன்னா அடுத்த மாசம் வீட்டக் காலி பண்ணுன்னுவான். எங்க போவோம்? பாலத்துக்கு அடியிலயா?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையில் உதடு கோணினால் அவருக்குப் புரியாது என்பதும் ஒரு காரணம்.

"எனக்குக் கேக்குமேப்பா," என்றாள் குருவி. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் அவள் தொட்டிலில் தூங்கினாள். கிண்ணும் தொத்தும் அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஏற்பாடு சுலபமானது. அவளுக்குக் காலையில் பள்ளிக்கூடம், அவருக்கு மத்தியான வேலை. அவள் நடைபாலத்தின் மேல் நிற்பாள். அவர் தட்டிவிட்டு ஒரு பார்வை மேலே பார்ப்பார். சக்கரம் நல்லதென்றால் அவள் சும்மா நிற்க வேண்டும். அமுங்கினால் கையைத் தூக்க வேண்டும். தள்ளி நிற்கிற வண்டிக்குப் பாலத்தின் அடுத்த முனைக்கு ஓடுவாள். கீழே இருக்கிறவர்களுக்கு, மகள்மேல் பிரியமுள்ள தகப்பன் அடிக்கடி அண்ணாந்து பார்க்கிறான், அவ்வளவுதான். "பொண்ண எவனும் தூக்கிட்டுப் போயிட மாட்டான், வேலையப் பாருய்யா," என்று மேஸ்திரி கிண்டல் செய்வார். அப்பா கேட்காமலே சிரித்து வைப்பார்.

அதை விளையாட்டு என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு மண்டையில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் கம்பிமேல் சாய்ந்து காதைக் கொடுப்பாள். எஞ்சின் ஒன்று ஊதிவிட்டால் சத்தம் பிடிபடாது. அப்பாவை மறுபடி தட்டச் சொல்லவும் முடியாது. ராத்திரி ஆற்றுப் பாலத்தில் வண்டி தடதடக்கும்போது, அது கடந்து முடிகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பாள். ஒருமுறை உண்மையிலேயே ஒரு சக்கரம் அமுங்கியது. கை தூக்கினாள். அப்பா குனிந்து பார்த்து, குறி போட்டு, நிமிர்ந்தார். அந்த முகத்தை அவள் சாகிறவரை மறக்கமாட்டாள். அத்தனை சந்தோஷம்.

இன்னொரு நாள் வெயில் சுட்டெரித்தது. அப்பா பாதி வண்டியைத் தட்டி முடித்திருந்தார். தூரத்தில், வேகன்களைப் பிரித்து உருட்டிவிடுகிற மேட்டிலிருந்து எஞ்சின் இல்லாமல் தள்ளிவிட்ட ஒரு வேகன் தடம் மாறி, அப்பா நிற்கிற வண்டியை நோக்கி வந்துகொண்டிருந்தது. அப்படி வருகிற வேகன் சத்தமே போடாது. யாரோ பார்த்துக் கத்தினார்கள். "வண்டி! வண்டி!" என்று யார்டே கத்தியது. ஆளாளுக்குத் தாவி ஒதுங்கினார்கள். அப்பா நிதானமாக ஒரு தட்டு தட்டிவிட்டு மேலே பார்த்தார்.

குருவி தொண்டை கிழியக் கத்தினாள். இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். பத்து வயதுப் பிள்ளை, வேறென்ன செய்யும்?

அவர் தலையசைத்தார். குனிந்து, சக்கரத்துக்கு உள்பக்கம் தலையை விட்டார்.

வெளியே நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. வேகன் வந்து இடித்தது, நின்ற வண்டி ஒரு முழம் நகர்ந்தது, அவ்வளவுதான். அந்த ஒரு முழத்தில், தண்டவாளத்தின் மேல் ஊன்றியிருந்த அப்பாவின் இரண்டு கால்களும் போயின.

ஆஸ்பத்திரிக்கு ஓர் அதிகாரி வந்தார். பழகாத உதடு அப்பாவுக்குப் பிடிபடாது என்பதால், அதிகாரி கேட்கிறதையெல்லாம் குருவிதான் அப்பாவின் காதில் கத்த வேண்டியிருந்தது; காதோடு வாய் வைத்துக் கத்தினால் மட்டும் கொஞ்சம் விழும்.

"சக்கரத்த நல்லா பாத்துட்டோம். ஒரு குறையும் இல்ல. எதுக்கு உள்ள குனிஞ்சார்னு கேளும்மா," என்றார் அதிகாரி.

அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குருவி அவர் காதுக்குப் பக்கத்தில் போனாள்.

"விரிசல் இருந்துச்சாம்பா! நீங்க பாத்ததாலதான் வண்டி பொழச்சுதாம்!"

அதிகாரி வாயைத் திறந்தார். படுக்கையில் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். நல்ல மனுஷன், காகிதங்களை மடித்துக்கொண்டு எழுந்து போனார்.

வீடு போனது. பாலத்துக்கு அடியில் இல்லை, ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் ஒற்றை அறை கிடைத்தது. அம்மா ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்தாள். துவைத்துத் துவைத்தே ஒருநாள் ஓய்ந்து கண்ணை மூடினாள். குருவி பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவே இல்லை. கல்யாணப் பேச்சு வந்தது, அப்பாவை யார் பார்ப்பது என்ற கேள்வியும் கூடவே வந்தது. பேச்சு தானாக நின்றுபோனது. அவள் கையைத் தோளுக்கு மேலே தூக்குவதில்லை. கை காட்டாததால் பஸ்கள் நிற்காமல் போகும். திமிர் பிடித்தவள் என்று தெருவில் பெயர்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது அப்பாவின் பெருமை. ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிடுவார். "எம் பொண்ணு கண்டுபிடிச்ச சக்கரம்! அவ மட்டும் கை தூக்கலன்னா அந்த வண்டி ஆத்துக்குள்ள போயிருக்கும்!" காது கேட்காதவருக்குக் குரலைக் குறைக்கத் தெரியுமா? சந்து முழுக்கக் கேட்கும். ஒவ்வொரு முறையும் குருவிக்கு மிஷின் ஊசி விரலில் ஏறுகிற மாதிரி இருக்கும். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்தாள். எப்படிச் சொல்வது? அவரிடம் ஓர் உண்மையைச் சொல்வதென்றால் ஊருக்கே கத்திச் சொல்ல வேண்டும்.

போன மழைக்காலத்தில் அவர் படுத்தார். டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். மறுநாள் மத்தியானம் குருவி மிஷினை நிறுத்தினாள். இதற்குமேல் வைத்துக்கொண்டிருந்தால் தன் நெஞ்சே வெடித்துவிடும் என்று தோன்றியது. அவர் எதிரே மண்டியிட்டு, அம்மா பேசின மாதிரி, சத்தமே இல்லாமல், உதட்டை மட்டும் நிதானமாக அசைத்தாள்; கத்தியே பழகியவளுக்கு அது அன்றுதான் தோன்றியது.

"அப்பா. அந்தச் சக்கரம் நல்ல சக்கரம்பா. வேகன் வருதுன்னுதான் நான் கை தூக்கினேன்."

அவர் கண் அவள் உதட்டை விட்டு நகரவில்லை. புரியவில்லையோ என்று மறுபடி சொல்லப் போனாள்.

"தெரியும்," என்றார்.

இருக்கிற கொஞ்ச மூச்சிலும் அதே பெரிய குரல். "குனிஞ்சதும் கைய வெச்சு இன்னொரு தட்டு தட்டினேன். கிண்ணுன்னு கையில ஏறுச்சு. ஏதோ தப்புன்னு நிமிரப் பாத்தேன், அதுக்குள்ள இடிச்சுடுச்சு."

"பின்ன ஏம்பா... ஊரெல்லாம் கூப்ட்டுச் சொன்னீங்க?"

"உங்கையாலதான் எங்காலு போச்சுன்னு ஒருத்தன் வாயிலயும் வந்துடக் கூடாதுல்ல. அதான் நான் முந்திக்கிட்டேன்."

வெளியே சந்தில் யாரோ பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினார்கள். எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. குருவி அவர் வாயைப் பொத்துவதற்குக் கையைத் தூக்கினாள். அவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில், சரி என்று தலையசைத்தார்.