ரொட்டிக்காரர் பெயர்

பிரிக்பீல்ட்ஸ் லுத்தரன் ஆலயத்தில் உர்சுலா உட்காரும் இடத்தில், ஆராதனைக்கு முன்பே ஒரு பாட்டுப் புத்தகம் இருக்கும். அன்றைய பாட்டுகள் வரும் பக்கங்களில் பழைய ரயில் டிக்கெட்டுகள் செருகியிருக்கும். தேடிப் புரட்டுவதற்குள் அவளுக்குப் பாதிப் பாட்டு முடிந்துவிடுகிறது என்று கவனித்தவர் ஒரே ஒருவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்ந்த வாலண்டைன். தான்தான் வைத்தேன் என்று அவர் ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை.

மனைவி இறந்துவிட்டாள், பிள்ளையில்லை. அவருக்கு இருந்த ஏக்கமெல்லாம் ஜெர்மனிதான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்து வைத்து, வாலண்டைன் என்ற பெயர் தரங்கம்பாடியிலிருந்து அவர்வரை வந்திருந்தது. முதல் வாலண்டைன் முந்நூறு வருஷத்துக்கு முன் கப்பலேறி வந்து தமிழ்ப் பெண்ணைக் கட்டிய வெள்ளைக்காரர் என்று நம்பினார். அங்கே நம்ம ரத்தம் இருக்கிறது, ஒருநாள் தேடி வரும் என்பார். ஆலயத்து நாகையா விடமாட்டார்.

"என்னா ஜெர்மன்காரரே, நம்ம ஊரு வெயில் ஒத்துக்குதா லா?"

வாலண்டைனும் சேர்ந்து சிரிப்பார்.

போன வருஷம் நிஜமாகவே ஒருத்தி வந்தாள். பெயர் ஹெல்கா. தன் முன்னோரைத் தேடிக்கொண்டிருந்தவள், போதகர் மகள் கிளாரிசாவிடம் விசாரித்து இவரைக் கண்டுபிடித்திருந்தாள். வாலண்டைன் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். உர்சுலா தேத்தண்ணி கலக்கி வைத்தாள்.

ஹெல்கா சொல்லச் சொல்ல, கிளாரிசா தமிழில் சொன்னாள். ஹெல்காவின் முன்னோர் ஒருவருக்கு அண்ணன், வாலண்டைன் என்ற ரொட்டிக் கடைக்காரர். கப்பலே ஏறாதவர். தரங்கம்பாடி மிஷன் பள்ளியில் ஒரு தமிழ்ப் பையன் படிக்க உதவி, ஞானஸ்நானத்தில் அவனுக்குத் தன் பெயரை வைக்கச் சொன்னாராம். அவ்வளவுதான் உறவு. ரத்தம் இல்லை.

வாலண்டைன் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். தே ஆறிப்போனது. அவர் முகத்தைப் பார்க்க உர்சுலாவுக்கு மனம் வரவில்லை.

"அந்த ரொட்டிக்காரருக்குப் பிள்ளைங்க?" என்று கேட்டார்.

இல்லை என்றாள் கிளாரிசா.

"அவருக்குமா," என்றார். கேக் தட்டை ஹெல்கா பக்கம் நகர்த்தி வைத்தார்.

அதற்கப்புறம் அவர் ஜெர்மனிப் பேச்சை எடுக்கவில்லை. நாகையாவும் கேலியை விட்டுவிட்டார். முழங்கால் முடியாமல் போகவே, வாலண்டைன் கிள்ளானில் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்குப் புறப்பட்டார். ரயிலேற்றிவிட உர்சுலா போனாள். அவள் மருமகள் அப்போது முழுகாமல் இருந்தாள். அவரைப் போய்ப் பார்க்கலாம் என்று இருந்த உர்சுலாவுக்கு வாய்க்கவில்லை. லெந்து உபவாச நாட்களில் கர்த்தர் அவரை அழைத்துக்கொண்டார்.

ரயிலேற்றிவிட்ட அன்றைக்குக் கதவு மூடுமுன் அவர் சொன்னது இதுதான்:

"உன் பேரனுக்கு வையின்னு கேக்கமாட்டேன்மா. கோயிலுக்கு யாரும் இல்லாத பிள்ளை வந்தா, என் பேரு சும்மாத்தான் இருக்கு, எடுத்துக்கச் சொல்லு."