பைன் மரத்தடிக் காளான்

ஒய்யம்மாள் கோடைக்கானல் மலையில் வெள்ளகவி ஊருக்குக் கீழே காட்டில் பிறந்தவள். கிழங்கு, தேன், கடுக்காய், காளான் என்று காடு கொடுப்பதைச் சேகரித்துப் பிழைக்கும் சனம். காளான் விஷயத்தில் அவள் சொல்லுக்கு அந்தக் குடியிருப்பில் மறுபேச்சு கிடையாது. நத்தை கடித்த தடம் இருக்கிறதா என்று பார்ப்பாள், அவ்வளவுதான் அவளுடைய சோதனை, அம்மா சொல்லிக்கொடுத்தது. நத்தை தின்று பிழைத்தால் மனிதனும் பிழைப்பான். சோலைக்காட்டில் அந்தக் கணக்கு ஒருமுறையும் தப்பியதில்லை.

1968 மழைக்காலத்தில் அவள் பறித்தது சோலைக்காட்டுக் காளான் அல்ல. காட்டிலாகா நட்டு வளர்த்த பைன் மரங்களுக்கு அடியில் முளைத்தது. அவள் புருஷன் மலையன் அங்கேதான் கூலிக்குக் களை வெட்டினான். வெள்ளை வெளேரென்று விரிந்து நின்ற காளானின் ஓரத்தில் நத்தை நன்றாகவே கடித்திருந்தது. பறித்து வந்து குழம்பு வைத்தாள். பல்வலியில் கன்னம் வீங்கியிருந்ததால் அவள் கஞ்சி மட்டும் குடித்தாள். மலையன் பாதிக் குழம்பைத் தின்றுவிட்டு மீதியைக் காலைக்கென்று மூடி வைத்தான்.

காலையில் வாந்தியும் பேதியும் அவனைப் பிழிந்து எடுத்தன. உறவுக்காரர்கள் கம்பளியில் தூளி கட்டி, மலைப்பாதையில் தூக்கிவந்து கோடைக்கானல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கையில் குளுக்கோஸ் ஏறியது. மறுநாள் எல்லாம் நின்றுவிட்டது. மலையன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான்.

“ஏ புள்ள, இதுல உப்பே இல்ல. இந்த ஊர்ல உப்புக்கும் பஞ்சமா?”

“குறை சொல்லத் தெம்பு வந்துருச்சா? நல்லது” என்றாள் நர்ஸ் ரபியா.

“அப்ப வீட்டுக்குப் போறோம் சிஸ்டரம்மா. சோலி கெடக்கு.”

ஒய்யம்மாள் அதற்குள் கம்பளியை மடித்துவிட்டாள். அந்தக் கட்டிலைவிட்டு அவனை வெரசாகக் கிளப்பிவிட்டால், தான் குழம்பு வைத்ததே நடக்காதது போல ஆகிவிடும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

டாக்டர் ஜலீல் வந்தார். பழனிக் கடைவீதிக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். “கம்பளிய விரிம்மா. இப்பப் போகக் கூடாது.”

“நல்லாத்தானே இருக்காரு டாக்டரய்யா?”

“அதுதான் பயமா இருக்கு.”

அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போய்ச் சொன்னார். “ஈரல்ல கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறை கோடிக்கணக்குல இருக்கு. செல்லுன்னு சொல்லுவோம். ஒவ்வொன்னுலயும் மூல உத்தரவு பத்திரமா இருக்கும். தேவைப்படுறப்ப அதுலருந்து நகல் எடுத்து அனுப்பும். ஆர்.என்.ஏ.ன்னு பேரு. அந்த நகல் சொல்றபடிதான் வேலை நடக்கும். கொஞ்ச நேரம் போனா செல்லே அந்த நகலச் சிதைச்சுப்போடும்.”

“நல்ல உத்தரவ எதுக்குய்யா சிதைக்கணும்?”

“சிதைக்கலன்னா வேலைய எப்படி நிறுத்துறது? பசிக்கிறப்ப ஒரு உத்தரவு, தின்ன பொறவு இன்னொன்னு. பழசு அழிஞ்சாத்தான் மாத்திச் சொல்ல முடியும்.”

ஒய்யம்மாள் யோசித்தாள். தேன் எடுக்க மலையன் பாறையில் தொங்கும்போது மேலே கயிறு பிடிப்பது அவளுடைய அண்ணன். மச்சான்தான் பிடிக்க வேண்டும், அது அவர்கள் வழக்கம்.

“இவரு கீழருந்து ‘இறக்கு’ன்னு கத்துவாரு, அண்ணன் இறக்குவான். அந்தச் சத்தம் அடங்காமக் காதுலயே கெடந்தா இறக்கிக்கிட்டேதான் இருப்பான். அப்படியா?”

“அப்படித்தான். இந்தக் காளான் விஷம் கத்துற வாயப் பொத்திருது. ஏற்கெனவே கத்துன சத்தம் கொஞ்சம் மிச்சம் இருக்கு. அதை வச்சுத்தான் ஒம் புருஷன் உக்காந்து உப்பு கேக்குறான். அதுவும் அடங்கிட்டா...” டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதெல்லாம் இப்பத்தான் கண்டுபிடிச்சு எழுதுறாங்க. எனக்கும் முழுசாத் தெரியாது. விஷம் வெளியேறுற வரைக்கும் ஈரல் தாங்கணும்.”

அவள் திரும்பிப் போய்க் கம்பளியை விரித்தாள். மலையன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றான்.

“படுய்யா.”

“ஏன், டாக்டருக்கு என்னைப் பிடிச்சுப்போச்சா?”

“படுன்னேன்.”

மறுநாள் வெள்ளனே அவன் கண் மஞ்சளித்தது. அப்புறம் உடம்பு. கேலி நின்றது, கேட்டதற்குப் பதில் குழறியது. ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. ரத்தத்தை உறையவைக்கும் சத்தைச் செய்வதும் ஈரல்தான் என்றாள் ரபியா. கண்ணாடிக் குழாயில் சிறிது ரத்தம் எடுத்து, உள்ளங்கைச் சூட்டில் வைத்திருந்து சாய்த்துப் பார்த்தாள். தண்ணீர் போல ஓடியது.

அன்றிலிருந்து ஒய்யம்மாளின் உயிர் அந்தக் குழாயில் இருந்தது. அழவில்லை. அழுதால் வார்டை விட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அவன் வாயைத் துடைத்தாள், புரட்டிப் போட்டாள், மூத்திரத் துணி மாற்றினாள். ஊரிலிருந்து வந்த அண்ணன், “நீ பாக்காத காளானா?” என்று கேட்டான். ஆறுதலுக்குத்தான் கேட்டான். அவளுக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

ஒவ்வொரு காலையும் குழாய் சாய்ந்தது, ரத்தம் ஓடியது. ஒருநாள் ரபியாவுக்கு அடுத்த கட்டிலில் அவசர வேலை.

“எங் கையிலயும் சூடு இருக்கு சிஸ்டரம்மா. குடுங்க.”

ரபியா கொடுத்துவிட்டுப் போனாள். ஒய்யம்மாள் குழாயை மூடிப் பிடித்தபடி நின்றாள். ரபியா திரும்பி வந்தும் கையைத் திறக்க மனம் வரவில்லை. மூடியிருக்கிற வரைக்கும் எதுவும் முடிவாகவில்லை. ரபியாதான் விரல்களைப் பிரித்து, குழாயை வாங்கிச் சாய்த்தாள்.

ரத்தம் அசையவில்லை. இன்னும் சாய்த்தாள். கெட்டித் தயிர் போல ஒட்டிக்கொண்டு நின்றது.

டாக்டர் வந்து பார்த்தார். “ஈரல் புதுசாக் கத்த ஆரம்பிச்சிருச்சும்மா” என்றார். “பாதிக் குழம்ப மிச்சம் வச்சானே, அது காப்பாத்துச்சு.”

மலையன் பிழைத்தான். வீடு திரும்பிய வாரமே ஒய்யம்மாள் பைன் மரத்தடிக்குப் போய், அதே மாதிரிக் காளான் ஒன்றைக் குச்சியால் அடியோடு தோண்டிப் பார்த்தாள். தண்டின் அடியில், மண்ணுக்குள், சோலைக்காட்டுக் காளான் எதிலும் அவள் பார்த்திராத உறை மாதிரி ஒரு பை இருந்தது. நத்தை இந்தக் காளானையும்தான் கடித்திருந்தது. குடியிருப்புப் பெண்கள் எல்லோரையும் கூட்டிப்போய்க் காட்டினாள். அம்மா சொல்லிக்கொடுத்ததை இனி நம்ப வேண்டாம் என்று அவள் வாயாலேயே சொன்னாள்.

“எம் பொண்டாட்டி என்னை ஒழிச்சுக்கட்டப் பாத்தா, டாக்டர்தான் கெடுத்துட்டாரு” என்று மலையன் பல வருஷம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். அவள் ஒருநாளும் சிரித்ததில்லை. அவன் கையில் சின்னக் கீறல் விழுந்தாலும், ரத்தம் நிற்கிறவரை பக்கத்திலேயே நிற்பாள்.