பீரங்கிக் கொட்டகையில் அக்கா பெயர்

எங்கள் மலையூர் எக்மாட்டனில் வீடு கட்டினாலும் புல் கொட்டகை கட்டினாலும், கூரை போட்ட கையோடு வாசல் உத்திரத்தில் உளியால் வெட்டிவிடுவார்கள்: இன்னார், மனைவி இன்னாள், இன்ன வருஷம், கடவுள் காக்க. பெயர் இல்லாத கொட்டகைக்குள் எங்கள் மாடுகூட நுழையாது என்பேன். கொஞ்சம் மிகைதான், போகட்டும். வெட்டின பெயரை மட்டும் யாரும் இழைத்து எடுக்கமாட்டார்கள். வம்சமே அற்றுப்போன வீட்டில்தான் அந்த வேலை நடக்கும்.

இப்படி ஊரார் பெயரையெல்லாம் வெட்டித் தள்ளியவன் தச்சன் அல்பான் சுர்வெர்ரா. நெட்டையன், வாய் ஓயாதவன், ஆனால் வேலை சுத்தம். அவனுக்கென்று ஒரு கோழிக்கூடுகூடக் கிடையாது. ஊர் ரொட்டி அடுப்புக்கு மேலே இருந்த அறையில் வாடகைக்குக் கிடந்தான். கண் முழுக்க என் அக்கா கிரெசென்சியா மேல்.

இரண்டு தடவை வந்து பெண் கேட்டான். "சொந்தமா ஒரு உத்திரம் இல்லாதவன் என் பேரை எங்க வெட்டுவான், நெத்தியிலயா?" என்று சொல்லிவிட்டு அக்கா பால் காய்ச்சப் போய்விட்டாள். அவளுக்கும் அவன்மேல் ஆசைதான், எனக்குத் தெரியாதா? அவன் வரும் நாளில் மட்டும் தலையில் நல்ல துணி ஏறும். வீம்பு, வேறென்ன!

அந்தச் சமயத்தில், எல்லைக்கு அந்தப் பக்கத்து இத்தாலிக்காரனை நம்ப முடியாது என்று ராணுவம் எங்கள் மேட்டைக் குடைய ஆரம்பித்தது. ஒரு கோடை முழுக்க வெடிச்சத்தம், மாடுகள் பால் சுரக்க மறுத்தன. கடைசியில் பாறைக்குள் பீரங்கி உட்கார்ந்தது, வெளியே காங்கிரீட் முகம் நின்றது. எல்லைக் கணவாயிலிருந்து பார்ப்பவன் கண்ணுக்கு அது சாதாரணப் புல் கொட்டகையாகத் தெரிய வேண்டுமாம். மேலே மரம் அடிக்க அல்பானைக் கூப்பிட்டார்கள். இது ரகசியம், வாயைத் திறக்கக் கூடாது என்றார்கள். ஊருக்கே தெரிந்த ரகசியம்.

அவன் வாயைத் திறக்கவில்லை, பாவம். கைதான் கெடுத்தது. வெயிலில் கறுத்த பழைய பலகைகளைத் தேடிப் பிடித்து அடித்தான், திறக்காத கதவு ஒன்று வைத்தான், கூரைக்குக் கல் ஏற்றினான். எல்லாம் முடிந்ததும் பழக்க தோஷத்தில் உளியை எடுத்து உத்திரத்தில் வெட்டிவிட்டான்: அல்பான் சுர்வெர்ரா, மனைவி கிரெசென்சியா, 1938, கடவுள் காக்க.

ஆடு ஓட்டிக்கொண்டு போனவர்கள் படித்துவிட்டார்கள். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், ஊரே அக்காவுக்கு வாழ்த்துச் சொல்கிறது. எங்களுக்குச் சொல்லாமலே கல்யாணமா, வைன் எங்கே என்று கேலி வேறு. அக்காவுக்கு முகம் சிவந்துபோயிற்று. பெயர் அங்கேயே இருந்து கல்யாணம் நடக்காவிட்டால் அவளை இனி எவன் கட்டுவான்? வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் இழைப்புளியைத் தூக்கிக்கொண்டு மேடேறினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

கொட்டகை முன்னால் பாசல் நகரத்து கேப்டனும், தொப்பியைக் கையில் கசக்கியபடி அல்பானும் நின்றார்கள். கேப்டன் திட்டி முடித்து ஓய்ந்திருந்தார். சரிவில் இருக்கிற எல்லாக் கொட்டகையிலும் பெயர் இருக்கிறது, இதிலும் இருப்பதுதான் நல்லது, இனி ஒரு சிராயைக்கூடத் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். அப்படியென்றால் என் மானம் என்ன ஆவது என்று அக்கா கேட்டாள்.

அக்கா அல்பான் பக்கம் திரும்பினாள். "யாரைக் கேட்டு வெட்டின?"

"யாரையும் கேக்கல. கை அதுபாட்டுக்கு வெட்டிருச்சு. என் பேரை வெட்டினா பக்கத்துல வேற எந்தப் பேரு வரும், கிரெசென்சியா?"

"இது உன் வீடாய்யா? உள்ள பீரங்கியில்ல இருக்கு?"

"எனக்கு இந்த ஜென்மத்துல வீடுன்னு ஒண்ணு வருமான்னு தெரியல. அதான்..." மேலே சொல்ல வரவில்லை அவனுக்கு. அந்த வாயாடி அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

அக்கா உத்திரத்தில் இருந்ததை எழுத்தெழுத்தாகப் படித்தாள். பிறகு இழைப்புளியை என் கையில் திணித்தாள்.

"அந்த வருஷத்தையும் மாத்தக் கூடாதா?" என்று கேப்டனிடம் கேட்டாள். கூடாது என்று அவர் தலையாட்டினார்.

"அப்ப என்ன நிக்கிற?" என்றாள் அல்பானிடம். "நவம்பர் பாதி போயிருச்சு. கிறிஸ்மஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கிட்டா பாதிரியார் கல்யாணம் பண்ணி வைக்கமாட்டார், அப்புறம் அடுத்த வருஷம்தான். ஓடிப் போய்ச் சொல்லு. வீடுதான் பொய்யி, அதுல இருக்கிற பேராவது நெசமா இருக்கட்டும்."