மைக் முன்னால் உட்கார மறுத்த சலூம் மாமா

சலூம் மாமா போய்விட்டார். காலையில் ஷார்ஜாவிலிருந்து அவர் மகள் மரியம் போன் செய்தாள். தூக்கத்திலேயே... அவ்வளவுதான் சொன்னாள்.

இங்கே இருக்கும் ஃப்ரெண்ட்ஸில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. தெரிய வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் துபாய். நான் மூன்றாம் வகுப்பு. சலூம் மாமா பகலில் தண்ணீர் லாரி ஓட்டுவார், மாலையில் குழல் ஊதுவார். நம் நாதஸ்வரத்தைவிடக் குட்டை, ஆனால் நாலு தெரு தாண்டிக் கேட்கும்.

அவருடைய தாத்தாவை முத்துக்குளிக்கும் படகுகளுக்காக ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பிடித்து வந்தார்கள். அப்படி வந்தவர்கள் கூடவே கொண்டு வந்த இசைதான் லேவா. இன்று வளைகுடாக் கல்யாணங்களில் எல்லோரும் ஆடுகிறார்களே, அது.

அப்பா ஒரு ரேடியோ நிலையத்தில் சவுண்ட் டெக்னீஷியன். நாகர்கோவில்காரர். சலூம் மாமாவின் குழுவை முதல்முறையாக ரெக்கார்டிங்குக்குக் கூப்பிட்டது அவர்தான். கூப்பிட்டு ஒரு தப்பும் செய்தார். எட்டுப் பேரையும் ஸ்டூல் போட்டு வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கொரு மைக் வைத்துவிட்டார், கச்சேரிக்கு வைப்பதுபோல.

லேவாவில் உட்காரும் வேலையே இல்லை. எல்லோரும் வட்டமாக ஆட, குழல்காரர் உள்ளே நடந்துகொண்டே ஊதுவார். முரசுத் தோலை நெருப்பில் காட்டினால்தான் குரல் வரும். ஸ்டுடியோ ஏ.சி.யில் தோல் தொய்ந்துபோனது.

"பாய், தோல் தூங்குது. நெருப்பு வேணும்," என்றார் சலூம் மாமா அப்பாவிடம்.

"ஸ்டுடியோவுக்குள்ள நெருப்பா? முரசு வேண்டாம், குழல் மட்டும் மூணு நிமிஷம் ஊதச் சொல்லு," என்றார் நிலைய மேனேஜர்.

சலூம் மாமா குழலைத் துணியில் சுற்றினார். "மாஃபி, முடியாது. வந்தா முழுசா வரும். இல்லேன்னா கலாஸ், அவ்வளவுதான்."

எட்டுப் பேரும் எழுந்து போய்விட்டார்கள். ரேடியோவில் ஒருமுறையாவது தங்கள் இசை வராதா என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தவர்கள்...

அப்பாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, லீவு நாள், கெஞ்சி வாங்கிய ரெக்கார்டிங் மெஷினோடு அவர்கள் ஆடும் மணல்வெளிக்கே போனோம். அட்டைப்பெட்டிகளைக் கொளுத்தி முரசுகளைச் சூடாக்கினார்கள்.

நடக்கிற குழலுக்கு மைக்கை எங்கே வைப்பது? அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா நர்ஸ்.

"ஆஸ்பத்திரியில டிரிப் பாட்டில தூக்கிட்டு நடக்கியது போதாதுன்னு இஞ்சயுமா?"

"ஒரு பாட்டுதாம்டி."

"ஒரு பாட்டுன்னா எவ்வளவு நேரம்?"

சலூம் மாமா சிரித்தார். "சிஸ்டர், அது பாட்டுக்குத்தான் தெரியும்."

செருப்புச் சத்தம் பதிவாகிவிடும் என்று வெறுங்கால். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மைக்கைத் தூக்கிப் பிடித்தபடி அவர் பின்னாலேயே அம்மா சுற்றினாள். இருபது நிமிடம். மைக்கை இறக்கவேயில்லை.

அந்த டேப்பையும் மூன்று நிமிடமாக வெட்டச் சொன்னார் மேனேஜர்.

மறுநாளிலிருந்து தினமும், டியூட்டி முடிந்ததும், ரேடியோ நிலைய வாசலில் ஒரு தண்ணீர் லாரி.

"மறுபடியும் நீயா?" என்பார் மேனேஜர்.

"டீ குடிக்க வந்தேன், பாய்."

வேறு எதுவும் கேட்கமாட்டாராம். டீயைக் குடித்துவிட்டு மேனேஜர் ரூமுக்கு எதிரே உட்கார்ந்தே இருப்பாராம். இரண்டாவது வாரம் மேனேஜரே அப்பாவைக் கூப்பிட்டு, "போட்டுத் தொலை, முழுசா," என்றார்.

இருபது நிமிடமும் ஒலிபரப்பானது. மறுநாள் சலூம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து அப்பா எழுந்து நின்றார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை ஃப்ரீயா, பாய்? ராஸ் அல் கைமாவுல ஒரு குழு இருக்கு. எங்களைவிட நல்லா வாசிப்பாங்க. மெஷினை எடுத்துக்கோ. யல்லா, கிளம்பு."

அப்பா ரிட்டையர் ஆகும்வரை எங்கள் வெள்ளிக்கிழமைகள் அப்படித்தான் போயின. ஊர் ஊராக...

போய் வாருங்கள், சலூம் மாமா.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. இப்போது போய்ச் சொல்ல வேண்டும்.