மூன்று நாள் நான் வைத்திருந்த பார்சல்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஐப்பசி மழை விடாமல் பிடித்திருந்த ஒரு வாரத்தில் இது நடந்தது. ஊர், தேனிப் பக்கம் கம்பம். நான் சொன்ன ஒரு பொய்யால் ஒரு பெண் திருடி என்று பெயர் வாங்கி வேலையை இழக்க இருந்தாள். கதையில் நல்லவன் யாராவது வருவான் என்று எதிர்பார்த்துப் படிக்காதீர்கள், குறைந்தபட்சம் அது நான் இல்லை.

முப்பது வருடம் வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் ரீடிங் எடுத்தவன் நான். எங்கள் பக்கத்தில் எந்தக் கதவுக்கு எந்த நம்பர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நடுவில் எல்லா வீட்டுக்கும் புது நம்பர் போட்டுவிட்டார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் பழைய நம்பரை விட மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகை முதல் பேங்க் புத்தகம் வரை பாதிப் பேர் இன்னும் பழைய நம்பரைத்தான் எழுதுகிறார்கள். இரண்டு வரிசையும் மனப்பாடமாகத் தெரிந்தவன் தெருவில் நான் ஒருத்தன்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஓய்வு பெற்ற அடுத்த வருடமே மனைவி போய்விட்டாள். மகள் பெங்களூரில். ஞாயிற்றுக்கிழமை போன் வரும், சாப்பிட்டீர்களா என்று கேட்பாள், சாப்பிட்டேன் என்பேன், அதோடு அந்த வாரம் முடிந்துவிடும். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் மலை மேல் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். விடியும் முன்பே ஜீப்பில் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவார்கள். பகலில் தெருவில் பூட்டு தொங்காத வீடு என்னுடையது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டீயைக் கூட ஒரு டம்ளர் போட்டுக் குடிக்கப் பிடிக்காமல் இரண்டு டம்ளராகப் போட்டு இரண்டையும் நானே குடித்த நாட்கள் உண்டு.

அப்படி இருக்கும்போதுதான் பார்சல்கள் வர ஆரம்பித்தன. எனக்கு இல்லை, தெருவுக்கு. ஆன்லைனில் வாங்காதவர்கள் யாரும் இப்போது இல்லையே. பார்சல் கொண்டுவருகிற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும், ஸ்கூட்டரில் முன்னும் பின்னும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வருவாள். பூட்டிய வீடுகளின் பார்சலை எல்லாம் என்னிடம் கொடுத்துவிட்டுப் போகட்டுமா என்று ஒரு நாள் கேட்டாள். தாராளமாகக் கொடு என்றேன். மனைவியின் தையல் மிஷின் மேல்தான் அவற்றை அடுக்கி வைப்பேன்.

சாயங்காலம் ஜீப் வந்து நின்றதும் ஒவ்வொருவராக வருவார்கள். "மாமா, எனக்குப் பார்சல் வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே வாசல் ஏறுவார்கள். நான் உடனே எடுத்துக் கொடுத்துவிட மாட்டேன். தேடுவது போல நேரம் கடத்துவேன். உட்காரச் சொல்வேன், டீ போடவா என்பேன், என்ன வாங்கினீர்கள் என்று கேட்பேன். சிலர் அங்கேயே பிரித்துக் காட்டுவார்கள். குக்கர், பிள்ளைக்குச் செருப்பு, சுடிதார். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அந்த நாட்களில் பகல் முழுக்கக் காத்திருந்தேன் என்று இப்போது வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் நல்ல மழை. அந்தப் பெண் நனைந்துகொண்டே வந்து நாலு பார்சலை மொத்தமாக என் கையில் திணித்தாள். வழக்கமாக அவள் போனில் நான் விரலால் கையெழுத்துப் போட வேண்டும். போன் நனைந்துவிடும் என்று அவளே நாலு கோடு இழுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். உள்ளே வந்து துடைத்துப் பார்த்தேன். மூன்று, பக்கத்து வீடுகளுக்கு. நாலாவது கையடக்கமான பெட்டி, கெட்டியாக டேப் சுற்றி, விலை உயர்ந்த பொருள், கவனம் என்று சிவப்பில் ஒட்டியிருந்தது. எங்கள் தெருப் பெயர், கதவு எண் பதினெட்டு. என் வீட்டுக்குப் புது நம்பர் பதினெட்டுதான். ஆனால் பெயர் என் பெயர் இல்லை.

யாருடையது என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம், தெருக் கோடியில் ஒரு வீடு. பழைய நம்பர் பதினெட்டு, புது நம்பர் அறுபத்தொன்று. மலைக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவருடைய வீடு. நடந்தால் ஐந்து நிமிடம். பெட்டியில் போன் நம்பர்கூட இருந்தது.

நான் போகவில்லை. போனும் செய்யவில்லை.

ஏன் என்று கேட்டால், அந்தப் பொருள் மேல் எனக்கு ஆசை இல்லை. பிரித்துப் பார்க்கும் எண்ணமும் இல்லை. நானே கொண்டுபோய்க் கொடுத்தால் வாசலில் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். அவர்களாகத் தேடி வந்தால் உட்காருவார்கள், பேசுவார்கள். புதிதாக ஒரு ஆள் என் வீட்டுக்கு வருவாரே என்று நினைத்தேன், அவ்வளவுதான். கேட்டால் சிரிப்பு வரும், சாயங்காலம் கடைக்குப் போய் கொஞ்சம் மிக்சர் கூட வாங்கி வைத்தேன்.

திங்கள் போனது, செவ்வாய் போனது. யாரும் வரவில்லை. புதன்கிழமை பதினோரு மணிக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அந்தப் பெண் இறங்கி வந்த விதமே சரியில்லை. முகம் வீங்கியிருந்தது.

"ஐயா, திங்கக்கெழமை ஒரு சின்னப் பெட்டி ஒங்ககிட்டக் குடுத்தேனா? டெலிவரி ஆச்சுன்னு காட்டுது, ஆனா அவுகளுக்குப் போகலையாம். வெளிநாட்டுல இருக்கிற மக கம்ப்ளைன்ட் குடுத்திருக்காக. கையெழுத்து நான் போட்டதுன்னு ஆபீஸ்ல கண்டுபிடிச்சிட்டாக. சாயங்காலத்துக்குள்ள பெட்டி வரலைன்னா வேலையும் கெடையாது, போலீசுக்கும் எழுதிக் குடுத்திருவோம்னு சொல்றாக."

பெட்டி அவளிடமிருந்து பத்தடி தூரத்தில், தையல் மிஷின் மேல், ஒரு துண்டுக்கு அடியில் இருந்தது. ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், மூன்று நாளாக ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்பாள். நம்பர் எல்லாம் அத்துப்படி என்று பீற்றிக்கொள்கிறவன், நம்பர் குழம்பிவிட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. வாய் தானாகத் திறந்தது. "இல்லையேம்மா. மூணுதான் வந்துச்சு" என்றேன்.

அவள் ஒரு நிமிடம் கூட என்னைச் சந்தேகப்படவில்லை. "அப்ப நாந்தான் மழையில எங்கனயோ விட்டுட்டேன் போல" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள். பாலம் வரை தள்ளிக்கொண்டேதான் போனாள், ஸ்டார்ட் செய்யக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

சாதம் வடித்தேன், இறங்கவில்லை. காய்ச்சல் என்று அன்றைக்கு மலைக்குப் போகாத எதிர்வீட்டு அம்மா தண்ணீர் பிடிக்க வந்தவர், நான் வாசலில் நிற்பதைப் பார்த்து நின்றார். "கேட்டீகளா அண்ணே, அந்தப் பார்சல் பிள்ளைக்குக் கை நீளமாமே? நம்ம பார்சலை எல்லாம் ஒரு தடவை நல்லாப் பாத்துக்கிடணும்" என்றார். காலையில் கிளம்பிய பேச்சு போனிலேயே ஓடி மத்தியானத்துக்குள் இவர் காதுக்கும் வந்துவிட்டிருக்கிறது. துண்டோடு பெட்டியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அறுபத்தொன்றாம் நம்பர் வீடு திறந்தே கிடந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. எட்டிப் பார்த்தால் ஜீப்காரர் டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறார். படம் ஓடுகிறது, சத்தமே இல்லை. நான் எதிரில் போய் நின்ற பிறகுதான் பார்த்தார்.

"அட, கரண்டுக்காரரா! வாங்க வாங்க! நான் பேசுறது எனக்கே கேக்காது, கத்துறேன்னு நெனைக்காதீக!" என்று வீடு அதிரச் சொன்னார். இருபத்தைந்து வருடம் ஜீப் இன்ஜின் சத்தத்திலேயே இருந்து காது போய்விட்டதாம். மனைவி மலை வேலைக்குப் போயிருந்தார். பகல் முழுக்க அவரும் தனி ஆள்தான்.

பெட்டியை அவர் கையில் வைத்தேன். வைத்ததும் மூன்று நாள் கதையை மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தேன். வேண்டுமென்றேதான் வைத்திருந்தேன், ஆள் வருவார்கள் என்றுதான் வைத்திருந்தேன், அந்தப் பெண்ணிடம் பொய் சொல்லிவிட்டேன், எல்லாமும். அவர் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். ஒரு வார்த்தையும் அவருக்குக் கேட்கவில்லை.

பிளேடு எடுத்துப் பெட்டியைக் கிழித்தார். உள்ளே காது மிஷின். பழையது கெட்டுப்போய் இரண்டு மாதமாம், வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் மகள் புதிதாக அனுப்பியிருக்கிறாள். பேட்டரியைப் போட்டு, காதில் பொருத்தி, திருகி, கழற்றி, மறுபடி பொருத்தினார். சட்டென்று அண்ணாந்து பார்த்தார்.

"இந்த ஃபேன் இம்புட்டுச் சத்தமா போடுது?" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பிறகு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "இப்பச் சொல்லுங்க. என்னமோ நீளமாச் சொன்னீகளே."

அந்த இடத்தில் நான் நின்ற நிலையை எப்படிச் சொல்வது? முதல் தடவை தண்ணீர் மாதிரி வந்த பேச்சு இப்போது வர மறுத்தது. 'பார்சல் மாறி வந்துவிட்டது, இப்போதுதான் பார்த்தேன்' என்று சொன்னால் முடிந்தது. யாருக்கும் தெரியப் போவதில்லை. அவர் பொருளும் கிடைத்துவிட்டது. அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அந்த மனிதர் மிஷின் மாட்டியதும் கேட்கப்போகும் முதல் மனுஷப் பேச்சு என்னுடையது. அதையும் பொய்யாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மையை ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "அஞ்சு நிமிச தூரத்துல வச்சுக்கிட்டு மூணு நாளா" என்றார். நான் தலையைக் குனிந்தேன். கடைசியில் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு மாசம் கேக்காமக் கெடந்தவனுக்கு மூணு நாளு போனாப் போகுது. எந்திரிங்க. அந்தப் பிள்ளைகிட்டப் போய்ச் சொல்லுங்க."

ஆட்டோ பிடித்து இருவரும் பார்சல் ஆபீசுக்குப் போனோம். ஷட்டர் போட்ட ஒரே அறை. அந்தப் பெண் ஒரு மூலையில் பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மடியில் வெள்ளைத்தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். மேனேஜர் முன்னால் நின்று எல்லாவற்றையும் மூன்றாவது தடவையாகச் சொன்னேன். அவர் என் வயதுக்குக்கூட மரியாதை கொடுக்காமல் திட்டினார். திட்டட்டும் என்று நின்றேன். என் கண்ணெல்லாம் அந்தப் பெண் மேல்தான் இருந்தது.

அவள் தாளை நாலாக மடித்தாள். "ஒங்க பேச்சை நம்பி, நாந்தான் தொலைச்சேன்னு எழுதிக்கிட்டு இருந்தேன்யா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று சாயங்காலம் ஜீப் வந்து நின்றதும், எதிர்வீட்டு அம்மாவிடம் போய் அந்தப் பார்சல் பிள்ளைக்குக் கை நீளம் இல்லை, எனக்குத்தான் என்று நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா மூலமாகத் தெருவுக்கே தெரிந்தது. அந்தப் பெண்ணின் வேலை போகவில்லை. இன்றும் எங்கள் தெருவுக்கு அவள்தான் வருகிறாள். ஆனால் என்னிடம் அடுத்தவர் பார்சலைக் கொடுப்பதில்லை. சாயங்காலம் ஜீப் வந்த பிறகு ஒரு தடவை சுற்றி வந்து அவரவர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள். எனக்கு மாத்திரை வந்தால் நிறுத்துவாள், கையெழுத்து வாங்குவாள், நான் பெட்டியைப் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை நகர மாட்டாள். டீ வேண்டுமா என்று ஒரு தடவை கேட்டேன். நேரமில்லை என்றாள். அவளுக்கு உண்மையிலேயே நேரமில்லாமல் இருக்கலாம்.

தையல் மிஷின் மேல் இப்போது எதுவும் இல்லை. சாயங்காலங்களில் யாரும் என் வாசல் ஏறுவதில்லை. ஜீப்காரர் வீட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள் போகிறேன். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பார், என் பேச்சு நீண்டால் மிஷினைக் கழற்றி சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

தனியாக இருப்பது யாருக்கும் செய்யும் துரோகம் இல்லைதான். ஆனால் என் வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும் என்பதற்காக இன்னொருத்தியின் நல்ல பெயரை ஒரு துண்டுக்கு அடியில் மூன்று நாள் மூடி வைத்திருந்தேனே. அதனால் இப்போதெல்லாம் யாரையாவது பார்க்க வேண்டும் போலிருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு நானே போய்விடுகிறேன், சிலர் உட்காரச் சொல்கிறார்கள், சிலர் வாசலோடு அனுப்பிவிடுகிறார்கள், எது கிடைத்தாலும் அது எனக்குரியதுதான் என்று வாங்கிக்கொண்டு திரும்புகிறேன்.