தலைவரின் கடைவாய்ப் பல்

காசெல் நகரத்துப் பல் டாக்டர் லோமன் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர். நகரம், வட்டாரம், மாநிலம் என்று ஒன்று மாற்றி ஒன்றாகப் பல் மருத்துவர் சங்கங்களுக்குத் தலைவர். நோயாளி வாயைப் பிளந்தபடி நாற்காலியில் கிடப்பார். இவர் பக்கத்து அறையில் தொலைபேசியில் ஓட்டுச் சேகரித்துக்கொண்டிருப்பார். காத்திருப்பவர்களைச் சமாதானப்படுத்துவதுதான் உதவியாளரான எனக்கு முக்கால்வாசி வேலை.

அப்பேர்ப்பட்டவருக்கே கடைவாய்ப் பல் சொத்தை. குளிர்காலம் முழுக்கக் கிராம்பு எண்ணெய் தடவியே ஓட்டினார்.

"யார்கிட்டயாவது காட்டுங்களேன், டாக்டர்."

"யார்கிட்ட, ரோஸ்விதா? ஊர்ல இருக்கிற டாக்டருங்கள்ல ஃபோகல்கிட்ட காட்டினா க்ரோல் கோவிச்சுக்குவான். க்ரோல்கிட்ட போனா ஃபோகல் ஆளுங்க ஓட்டு அம்பேல்."

"ஊர்ப் பல்லுக்கெல்லாம் தலைவர், உங்க பல்லுக்கு நாதியில்ல!"

மாநிலச் சங்கத் தேர்தலன்று கன்னம் வீங்கிவிட்டது. மண்டப வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மனைவி இறந்த பிறகு அவருக்குக் கூட்டங்கள்தான் வீடு. பதவி போனால் மனிதர் என்ன ஆவார்?

அவரை எதிர்த்து நின்ற ஹெட்விக் பிராண்டின் கிளினிக் மண்டபத்துக்கு எதிர்ச்சாரியில். அந்த அம்மாவே வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"வாங்க லோமன். எனக்கு ஓட்டெல்லாம் போட வேணாம், வாயைத் தொறந்தா போதும்."

தன் கிளினிக் நாற்காலியில் சாய்த்ததும் சொன்னாள்: "மரப்பு ஊசி போட்டா பேச்சு குழறும். நீங்க மேடையில பேசினப்புறம் போடட்டுமா?"

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இப்போதே என்று கை காட்டினார். அவள் தற்காலிகமாக அடைத்து, அடுத்த வாரம் வரச் சொன்னாள்.

மேடையில் உதடு தொங்கியது. சிலர் சிரித்தார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதியில் இறங்கிவிட்டார். ஹெட்விக் பேசி முடித்ததும் முதல் ஆளாக விரல் முட்டியால் மேசையைத் தட்டினார். எங்கள் கூட்டங்களில் அதுதான் கைதட்டல். மண்டபமே தட்டியது. அவள் ஜெயித்தாள்.

அதன் பிறகு நோயாளிகளை நேரத்துக்குப் பார்த்தார். இடைவேளைகளில் ஜன்னலுக்கும் கோட்டு மாட்டும் ஆணிக்கும் நடந்துகொண்டே இருந்தார். தொலைபேசி அடிக்கவேயில்லை.

"இன்னிக்கு எங்க போகணும், ரோஸ்விதா?"

"எங்கயும் இல்ல, டாக்டர்."

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில், கூட்டத்துக்குக் கட்டும் டையோடு நின்றார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"பிராண்ட் அம்மாகிட்ட. பல் அடைக்க."

"அவங்க சாயங்காலம்தானே வரச் சொன்னாங்க!"

"முன்னாடியே போய் உக்காந்துக்கறேன்," என்றார் கோட்டை மாட்டியபடி. "அங்க காத்திருக்கிற எடத்துல நாலு பேர் இருப்பாங்க."