ரயிலுக்கு அளவெடுத்த அம்மா

எங்கள் அம்மாவுக்கு யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாது என்று சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவே நம்பிக்கொண்டிருந்தது. அக்கா ரயிலிலிருந்து இறங்கும்போது விழுந்த நாள்வரை நானும் நம்பினேன்.

அக்கா தினமும் ரயிலில் கல்லூரிக்குப் போய்வந்தாள். அவள் இறங்கும் ஊரில் பிளாட்பாரம் தாழ்வு. போதாக்குறைக்கு வளைவில் வேறு கட்டியிருந்தார்கள். பெட்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே அகலமான பள்ளம். ஒருநாள் அதில் அக்காவின் கால் நழுவிவிட்டது. யாரோ இழுத்துப் போட்டதால் முழங்கால் சிராய்ப்போடு தப்பினாள். அப்பா தறியைவிட்டு எழாமலே தீர்ப்புச் சொன்னார்: “இனிமே காலேஜும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

“பள்ளம் இருக்குதுன்னா அத்த சரி பண்ணச் சொல்லுங்க. பொண்ணை ஏன் வூட்டுல உக்கார வெக்கறீங்க? அதுவரைக்கும் நானே கூடப் போய் இறக்கி வுட்டுட்டு வரேன்” என்றாள் அம்மா. ஊடை இழை ஓட்டும் நாடாவோடு அப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் முதல் அம்மா தினமும் அக்காவோடு ரயிலேறினாள். அவளை இறக்கிவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பிவந்து தறியில் உட்காருவாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அக்காவுக்கு மட்டும் தினம் ரயில் சவாரியா என்று வயிறு எரிந்தது. அழுது அடம்பிடித்து, பள்ளி விடுமுறை நாளொன்றில் நானும் தொற்றிக்கொண்டேன்.

அக்காவை அனுப்பிய பிறகு அடுத்த வண்டி வந்து நின்றது. அம்மா ஏறவில்லை. இடுப்பில் செருகியிருந்த அறுந்த பட்டிழைகளை எடுத்துக்கொண்டு பெட்டிகளின் வாசல் வாசலாக ஓடினாள். பள்ளத்தின் அகலத்துக்கு மஞ்சள் இழை, படியின் உயரத்துக்குச் சிவப்பு இழை என்று நீட்டிப் பிடித்து முடிச்சுப் போட்டாள். எனக்கு மானம் போயிற்று. குடிநீர்க் குழாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் சிரித்துக்கொண்டே வந்தார். “என்னம்மா, ரயிலுக்கே புடவை நெய்யப் போறீங்களா?”

“நெய்து குடுத்துடலாம் சார். முதல்ல அளவைப் பாத்துக்குங்க.”

முடிச்சுகளைப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார். பிளாட்பாரத்தை உயர்த்தக் கேட்டு மனு எழுதி, இழைகளை அதோடு சேர்த்துக் கட்டி மேலே அனுப்பியதும் அவர்தான். அக்கா கடைசி வருடம் படிக்கும்போது பிளாட்பாரத்தை உயர்த்தினார்கள். இழையைப் பார்த்துத்தான் உயர்த்தினார்களா என்பது யாருக்கும் தெரியாது. எங்கள் தெருவுக்கு மட்டும் அதில் சந்தேகமே கிடையாது. எனக்கும்தான். அம்மாவைப்போல ஒரு கெட்டிக்காரியை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

அளவெடுத்த அன்று திரும்பி ரயிலேறும்போது அம்மா என் கையைப் பிடித்தாள். பட்டில் கறை விழுமென்று எப்போதும் விரல்களை உலர வைத்திருப்பவள். அன்று அவள் உள்ளங்கை வியர்வையில் சொதசொதவென்று நனைந்திருந்தது. ஏறியதும் கையை உதறிப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். தினமும் அந்தப் பள்ளத்தைத் தாண்டுகிறவளுக்கு அதைக் கண்டால் அவ்வளவு பயம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.